பதிவேட்டில் இருந்த எண்

இணையதளத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கிடைக்க எத்தனை நாளாகும் என்று அவளிடம் கேட்காத ஆள் கிடையாது. கேட்கிற எல்லோருக்கும் அவசரம். போன வருடம் வாங்கிய சான்றிதழ் எப்போது காலாவதியாகும் என்பது போன வருடமே தெரியும். ஆனாலும் தாகம் எடுத்த பிறகுதான் கிணறு வெட்ட வருவார்கள். வந்துவிட்டு, தண்ணீர் ஏன் இன்னும் வரவில்லை என்று இவள்மேல் எரிந்து விழுவார்கள்.

"உங்களுக்கு எந்தச் சான்றிதழ் வேணும்ங்கிறதப் பொறுத்தது சார்" என்று அவள் ஆரம்பிப்பாள்.

சாதாரணச் சான்றிதழ் ஒன்று உண்டு. இந்தத் தளம் உன் கையில்தான் இருக்கிறதா என்று ஒரு இயந்திரம் கேட்கும், உன் இயந்திரம் ஆமாம் என்று சொல்லும், ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிடுவார்கள். அதில் மனிதர்களுக்கு வேலை இல்லை. இன்னொன்று, நிறுவனத்தின் பெயரையே உள்ளே எழுதித் தருவது. அதற்குத்தான் ஆள் வேண்டும். அப்படி ஒரு நிறுவனம் உண்மையிலேயே இருக்கிறதா, சொன்ன முகவரியில் இருக்கிறதா, கேட்கிறவர் அதன் முதலாளிதானா என்று ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பேப்பர் எல்லாம் சரியாக இருந்தால் மூன்று நாள். பேப்பர் சரியாக இல்லாவிட்டால் அது பார்க்கிறவரின் குணத்தைப் பொறுத்தது.

அவள் குணம் ஆபீஸுக்கே தெரியும். லேசில் முத்திரை குத்த மாட்டாள் என்பதால் அவளுக்கு 'முத்திரை' என்றே பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேராக 'அக்கா', முதுகுக்குப் பின்னால் 'முத்திரை'. அவளுக்கும் அது தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

வீட்டிலும் அவள் அப்படித்தான். வீடு என்றால் ஒற்றை அறை, ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலிக்கு இதுவரை தேவை வரவில்லை. ரொட்டி வாங்கினால் கடையிலேயே நின்று தேதியைப் பார்ப்பாள், வீட்டுக்கு வந்து மறுபடியும் பார்ப்பாள். குழாய் ரிப்பேர்காரர் கதவைத் தட்டினால் அடையாள அட்டையைக் கேட்பாள். "குழாய்தானேம்மா ஒழுகுது, அதுக்கு எதுக்கு என் ஜாதகம்?" என்று அவர் ஒருமுறை கேட்டுவிட்டார். வீட்டுக்காரர் சுவர் ஈரத்தை அடுத்த மாதம் சரிசெய்கிறேன் என்றால், "எழுதிக் குடுங்க" என்பாள்.

பிறக்கும்போதே யாரும் இப்படிப் பிறப்பதில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். அவள் சூடு கண்டது ஒரு துணி வெட்டும் மேஜையில்.

அவளும் அண்ணனும் சேர்ந்து பள்ளிச் சீருடை தைக்கிற கடை வைத்திருந்தார்கள். வீட்டின் பின்னறையில் இரண்டே மெஷினோடு ஆரம்பித்தது. அளவெடுப்பதும் வெட்டுவதும் அவள். வளர்கிற பிள்ளை என்று பாவாடையிலும் கால்சட்டையிலும் நாலு விரல் மடிப்பு உள்ளே விட்டுத் தைப்பாள். அந்த நாலு விரலுக்காகவே தாய்மார்கள் அடுத்த வருடமும் தேடி வந்தார்கள். கடையைப் பதிவு செய்ய வரிசையில் நின்றது அவள். விண்ணப்பத்தை நிரப்பியது அவள். இணையத்தில் கடை போடலாம் என்று சொன்னதும் அவள்தான். அண்ணன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு பள்ளி முதல்வர்களைப் போய்ப் பார்த்தான். அதுவும் ஒரு வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை.

ஒருநாள் மத்தியானம், கழுத்தில் டேப்பும் கையில் சாக்பீஸுமாக அவள் நின்றுகொண்டிருந்தபோது அண்ணன் எட்டுப் பக்கத்தைக் கொண்டுவந்து துணிமேல் வைத்தான்.

"கடை அட்ரஸ் மாத்தணும்ல, அதுக்கு. அஞ்சாவது பக்கத்துல ஒண்ணு, எட்டாவதுல ஒண்ணு போடு" என்றான்.

"படிக்கணுமா?"

"உனக்கு நேரம் இருந்தா படி."

நேரம் இல்லை. இரண்டு கையெழுத்தையும் போட்டுவிட்டு வெட்டுவதைத் தொடர்ந்தாள். மாதம் ஒன்று கழித்துத்தான் தெரிந்தது, அவள் சொந்த விருப்பத்தின் பேரில் கடையிலிருந்து விலகிவிட்டாள் என்று. அண்ணனிடம் கேட்டபோது அவன் தலை நிமிராமல், "நாளைக்கு நீ கட்டிட்டுப் போற வீட்டுக்குக் கடையையும் தூக்கிட்டுப் போவியா?" என்றான். அம்மா அடுப்படியிலிருந்தே, "அவன் புள்ளகுட்டிக்காரன். கூடப் பொறந்தவன்தானே, விட்டுக் குடு" என்றாள். விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை என்று ஊரெல்லாம் சொல்கிறது. கவனித்துப் பார்த்தால், சொல்கிறவர்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

அன்று துணிப்பையோடு வெளியே வந்தவளுக்கு ஏழு வருடமாக அண்ணனிடமிருந்து ஒரு போன் இல்லை. முதல் வருடம் அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள். பிறகு அதுவும் நின்றது. நம்பரை மட்டும் அவள் மாற்றவே இல்லை. என்றைக்காவது அண்ணன் கூப்பிடுவான், கூப்பிட்டுத் தப்பு பண்ணிட்டேன் என்பான், அப்போது அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று காத்திருந்தாள். கேள்விகள்கூடத் தயார். குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பாள்.

ஒரு திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்கு, அண்ணனின் விண்ணப்பம் அவள் கணினியில் வந்து விழுந்தது.

கடையின் பெயர், அண்ணனின் பெயர், அவளுக்கும் அவனுக்கும் பொதுவான அப்பாவின் முதலெழுத்து. பழைய சான்றிதழ் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. பள்ளி திறக்க இன்னும் மூன்றே வாரம். சீருடைக் கடைக்கு வருடம் என்பதே அந்த மூன்று வாரம்தான். பெயர் எழுதிய சான்றிதழ் இருக்கிற கடைகளைத்தான் பள்ளிகள் தங்கள் பட்டியலில் வைத்திருக்கும், அது காலாவதியான மறுநாளே பெயரை எடுத்துவிடும் என்று அண்ணனே விண்ணப்பத்தின் கீழே எழுதியிருந்தான். 'ஆகவே தயவுசெய்து விரைவாக' என்று முடித்திருந்தான்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அப்படி விழுந்தது. சொந்தக்காரர்களின் விண்ணப்பம் வந்தால் அடுத்தவரிடம் தள்ளிவிட வேண்டும் என்பது ஆபீஸ் விதி. மற்ற நாளாக இருந்தால் அந்த விதியை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வதே அவளாகத்தான் இருக்கும். அன்று சுற்றும் முற்றும் பார்த்தாள். பக்கத்து மேஜைக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் விண்ணப்பத்தைத் திறந்து, 'ஆய்வில் உள்ளது' என்ற பொத்தானைத் தட்டினாள். உடம்பெல்லாம் ஒரு இதமான சூடு பரவியது. சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்?

அநியாயமாக எதுவும் செய்துவிடக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விதிப்படியே செய்வது, ஆனால் ஒரு விதியைக்கூட விடாமல் செய்வது. பழிவாங்க இதைவிடச் சுத்தமான வழி உலகத்தில் இல்லை.

விண்ணப்பத்தில் இரண்டாவது மாடி என்று இருந்தது, பதிவேட்டில் மூன்றாவது மாடி. மற்றவர்களாக இருந்தால் மாடிதானே என்று விட்டிருப்பார்கள். அவள் புதன்கிழமை வரைக்கும் ஆற அமர யோசித்து, 'எந்த மாடி என்பதற்கு ஆதாரம் இணைக்கவும்' என்று எழுதினாள். அவர்கள் ஆபீஸில் கடிதத்தின் கீழே பெயர் போடுவதில்லை, ஊழியர் எண்தான். அண்ணன் வாடகை ரசீதை அனுப்பினான். ரசீதில் கையெழுத்து மங்கலாக இருந்தது. 'தெளிவான பிரதி அனுப்பவும்.' அனுப்பினான், கூடவே ஒரு வரியும்: 'ஒரு மாடிக்கு இத்தனை நாளா?' அந்த வரியை அவள் மூன்று தடவை படித்தாள். நல்ல சாப்பாட்டுக்குப் பிறகு வாயில் போட்டுக்கொள்கிற இனிப்பு மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை, இனி தள்ள வேறு எதுவும் இல்லாததால், போன் செய்ய உட்கார்ந்தாள். இதுதான் கடைசிப் படி. கேட்கிறவர் கொடுக்கிற நம்பருக்குப் பேசக் கூடாது என்பது இந்த வருடம் வந்த விதி. திருடனையே கூப்பிட்டு நீ திருடனா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான். அரசாங்கப் பதிவேட்டில் அந்த நிறுவனத்துக்கு எந்த எண் இருக்கிறதோ அதற்குத்தான் பேச வேண்டும். அந்த எண்ணைச் சரிபார்க்கிறவர் கையால் தட்டவும் கூடாது, பதிவேட்டிலிருந்து கணினியே எடுத்து அழைக்கும். எடுக்கிறவரிடம், இந்தப் பெயருள்ளவர் உங்கள் முதலாளியா என்று கேட்டு, ஆமாம் என்றால் முடிந்தது. பத்து நிமிட வேலை. என்ன, குரலை மாற்றிப் பேச வேண்டும். அதற்கும் ஒத்திகை பார்த்திருந்தாள்.

பொத்தானைத் தட்டினாள். காதில் மணி அடித்தது. மேஜை இழுப்பறைக்குள்ளும் மணி அடித்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. இழுப்பறையைத் திறந்தாள். அவள் மொபைல் அவளைப் பார்த்து அதிர்ந்துகொண்டிருந்தது. திரையில் அவள் ஆபீஸ் எண்.

அண்ணன் அவள் பெயரைப் பத்திரத்திலிருந்து எடுத்தான், வங்கியிலிருந்து எடுத்தான், பெயர்ப்பலகையிலிருந்து எடுத்தான். பதிவேட்டில் இருந்த நம்பரை எடுக்க மறந்துவிட்டான். அந்த நம்பருக்கு யாரும் போன் செய்வதில்லையே, எப்படி ஞாபகம் வரும்? வரிசையில் நின்று விண்ணப்பத்தை நிரப்பியவள் தன் நம்பரைத்தான் எழுதியிருந்தாள். ஏழு வருடமாக அந்தக் கடையின் சட்டப்படியான வாய் அவள்தான்.

"அக்கா, உங்க போன் அடிக்குது" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

"அடிக்கட்டும்" என்றாள். முழு மணியும் அடித்து ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கோப்பில் எழுதினாள்: 'அழைப்பு ஏற்கப்படவில்லை.'

அந்த வார இறுதி முழுக்க அவளுக்குக் கால் தரையில் இல்லை. இப்போது அவளுக்குத் தாமதம் போதவில்லை. அவன் கூப்பிட வேண்டும். பதிவேட்டில் நம்பரை மாற்ற அரசாங்கத்துக்குக் குறைந்தது மூன்று வாரமாகும். வேறு நிறுவனத்திடம் ஓடினாலும் அவர்களும் பார்க்கப்போவது இதே பதிவேட்டைத்தான். ஆக அண்ணனுக்கு உலகத்தில் ஒரே வழி, தங்கைக்குப் போன் செய்து, 'உனக்கு ஒரு போன் வரும்மா, நான்தான் முதலாளின்னு ஒரு வார்த்தை சொல்லிடு' என்று கேட்பது. கேட்டால் என்ன செய்வாள்? சத்தியமாகச் சொன்னால், நாலு கேள்வி கேட்டுவிட்டு ஆமாம் என்று சொல்லியிருப்பாள். வஞ்சம் எத்தனை பெரிதாக இருந்தாலும் அதன் அடியில் ஒரு பிச்சைப் பாத்திரம் இருக்கத்தான் செய்கிறது.

திங்கட்கிழமை கடிதம் அனுப்பினாள். 'பதிவேட்டில் உள்ள எண்ணில் எவரும் பேசவில்லை. அந்த எண்ணுக்கு உரியவரைத் தொடர்புகொண்டு, எங்கள் அழைப்பை ஏற்கச் சொல்லவும். அவர் உறுதிசெய்த அன்றே சான்றிதழ் வழங்கப்படும்.' கீழே எண்ணையும் எழுதினாள், அவன் மறந்திருக்கக் கூடாதே என்று.

அன்று முழுக்க மொபைலை மேஜைமேல் வைத்துக்கொண்டாள். விளம்பரக்காரன் ஒருவன் கூப்பிட்டான். வேறு யாரும் இல்லை.

செவ்வாய்க்கிழமை அண்ணன் போன் செய்தான், ஆபீஸுக்கு. பக்கத்து மேஜைக்காரர் எடுத்தார். கோப்பு யாருடையது என்று கணினியில் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க சீருடைக் கடை" என்று ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார். அவள் நீயே பேசு என்று கையைக் காட்டினாள். ஏழு வருடம் கழித்து அந்தக் குரல். கொஞ்சம் கனத்திருந்தது, அவ்வளவுதான்.

"எத்தனை நாளாகும்னு ஒரே பதிலாச் சொல்லுங்க சார். என் பொழப்பே போயிட்டிருக்கு."

"அந்த நம்பர்ல யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டா இன்னிக்கே சார். அது யாரோட நம்பர்?"

"என் தங்கச்சியோடது."

தங்கச்சி என்று சொல்லிவிட்டான். இன்னும் ஒரு வாக்கியம்தான் பாக்கி, கூப்பிட்டுப் பேசுறேன் என்று.

"அப்ப அவங்ககிட்ட சொல்லி எடுக்கச் சொல்லுங்க சார்" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

"முடியாது சார். அவ இறந்துட்டா."

"அடடா. மன்னிச்சிடுங்க சார், எப்போ?"

"ஆச்சு, நாலஞ்சு வருஷம்" என்றான் அண்ணன். குரலில் ஒரு பிசிறு இல்லை. "செத்தவளை எந்திரிச்சு வந்து போன் எடுக்கச் சொல்றீங்களா? வேற வழி சொல்லுங்க."

பக்கத்து மேஜைக்காரர் இளகிய மனசுக்காரர், கண் கலங்கிவிட்டார். இவள் ஒரு துண்டுக் காகிதத்தை இழுத்து எழுதி அவர் முன்னால் தள்ளினாள். அவர் தயங்கித் தயங்கிப் படித்தார்: "சார், அப்படின்னா இறப்புச் சான்றிதழ் அனுப்பணும். அது இல்லன்னா ரொம்ப நெருங்கின ரத்த சொந்தம் ஒருத்தர் சத்தியப் பிரமாணம் எழுதிக் குடுக்கணும். நாங்க அவங்களுக்குப் போன் பண்ணிக் கேப்போம்."

"அனுப்புறேன்" என்று வைத்துவிட்டான்.

"பாவம்க்கா" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

"யாரு?" என்றாள் அவள்.

அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது அவள் சிரித்துக்கொண்டே போனாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். தூண்டிலை அவனே விழுங்கிவிட்டான். பொய்ச் சான்றிதழ் ஒன்றை அனுப்பட்டும். பொய்ப் பத்திரம் வந்தால் போலீஸுக்கு அனுப்ப வேண்டும் என்பதும் விதிதான். கடை என்ன, அண்ணனே உள்ளே போவான். அன்று துணிமேல் வைத்து நீட்டினாயே எட்டுப் பக்கம், இப்போது நான் ஒரே பக்கத்தில் முடிக்கிறேன் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

வியாழக்கிழமை பிரமாணப் பத்திரம் வந்தது. முத்திரை சுத்தமாக இருந்தது, தேதி சரியாக இருந்தது, வக்கீல் கையெழுத்து இருந்தது. 'என் மகள் இறந்துவிட்டாள் என்று இதன்மூலம் சத்தியமாக உறுதி கூறுகிறேன்.' கீழே அம்மாவின் கையெழுத்து. கடைசி எழுத்தின் சுழியை அம்மா எப்போதும் மேலே இழுத்துவிடுவாள். இழுத்திருந்தாள்.

அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். அண்ணன்மேல் வந்த கோபத்துக்கு ஒரு உருவம் இருந்தது, இதற்கு இல்லை. படிக்காமல் போட்டிருப்பாள் என்று நினைத்தாள். என்னைப் போல, கையில் கரண்டியோடு நின்றபோது நீட்டியிருப்பான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

"நான் வேணா பேசட்டுமாக்கா?" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

"வேணாம்" என்று பொத்தானைத் தட்டினாள்.

மூன்றாவது மணியில் அம்மா எடுத்தாள். "யாரு?"

"சான்றிதழ் வழங்கும் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது." ஒத்திகை பார்த்த குரல்தான். ஆனால் பெற்றவளிடம் ஒத்திகை எடுபடுமா? மறுமுனையில் மூச்சு ஒரு கணம் நின்று, பிறகு வேறு மாதிரி வந்தது. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று இவளுக்கும் தெரிந்துவிட்டது.

"பத்திரத்தில் உள்ளது உங்கள் கையெழுத்தா?"

"என்னோடதுதான்."

"படித்துப் பார்த்துத்தான் போட்டீர்களா?"

"படிச்சுக் காமிச்சான். ரெண்டு தடவை."

அடுத்த கேள்வி திரையில் இருந்தது. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே கேட்டாள். "உங்கள் மகள் இறந்துவிட்டார் என்பது உண்மையா?"

பின்னால் எங்கோ தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் ஆமான்னு சொன்னா, எப்போ குடுப்பீங்க?" என்றாள் அம்மா.

"இன்னிக்கே."

"அப்ப ஆமா. எழுதிக்கம்மா."

வைத்துவிட்டாள்.

திரையில் இரண்டு கட்டங்கள் மின்னின. 'உண்மை', 'பொய்'. உண்மை என்று தட்டினால் அவள் செத்தவள், அண்ணனுக்குச் சான்றிதழ். பொய் என்று தட்டினால் கோப்பு போலீஸுக்குப் போகும், பொய்ச் சத்தியம் செய்தவள் உள்ளே போவாள். அதில் அண்ணனின் கையெழுத்து எங்கேயும் இல்லை. அம்மாவுடையது மட்டும்தான் இருந்தது. அவன் எப்போதும் அப்படித்தான், அடுத்தவர் கையைப் பிடித்துத்தான் எழுதுவான்.

அவள் இரண்டு கட்டத்தையும் தொடவில்லை. எழுந்து மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், இந்த சீருடைக் கடைக்காரர் என் கூடப்பிறந்த அண்ணன். தெரிஞ்சேதான் வச்சுக்கிட்டேன்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா?" என்றார். இந்த ஆபீஸில் யார் வேண்டுமானாலும் இதைச் செய்திருக்கலாம், முத்திரை செய்வாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. விதி என்னவென்று அவள்தான் அவருக்கு எடுத்துச் சொன்னாள்: சொந்தக்காரர் கை பட்ட கோப்பு செல்லாது. அதில் வாங்கிய எந்தப் பத்திரமும் வந்ததாகவே கணக்கில்லை, பிரமாணம் உட்பட. முதல் நாளிலிருந்து வேறொருவர் ஆரம்பிக்க வேண்டும். அதைப் பார்த்தவருக்கு வேலை போய்விடும்.

அம்மாவின் பத்திரம் அழிந்தது. கடைக்கு மறுபடியும் மூன்று நாள். சான்றிதழ் நாளையோடு முடிகிறது. மூன்றையும் மனதுக்குள் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, அடையாள அட்டையைக் கழற்றி மேலாளர் மேஜையில் வைத்தாள். காரணம் எழுதிய கடிதம் அண்ணனுக்குப் போனது. அதில் முதல் தடவையாக ஊழியர் எண் இல்லாமல் அவள் பெயர் இருந்தது, அப்பாவின் முதலெழுத்தோடு.

சனிக்கிழமை காலை பள்ளிகளின் பட்டியலைத் திறந்து பார்த்தாள். அண்ணன் கடை இல்லை. இனித்தது. அப்புறம் அம்மாவின் குரல் ஞாபகம் வந்து கசந்தது. மறுபடியும் திறந்து பார்த்தாள், மறுபடியும் இனித்தது. வேலை போனவளுக்கு வேறென்ன வேலை, பொழுதுக்கும் திறந்து திறந்து பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மொபைல் அடித்தது. அண்ணன்.

ஏழு வருடம் காத்திருந்த மணி. அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து எடுத்தாள்.

"உன் வேலையும் போச்சாமே" என்றான். "தேவையா உனக்கு இது?"

அவள் மொபைலை மறு காதுக்கு மாற்றினாள்.

"சரி விடு. நாளைக்கு உனக்கு அவங்க ஆபீஸ்லேர்ந்து போன் வரும். நான்தான் ஓனர்னு ஒரு வார்த்தை சொல்லிடு. இருக்கிற ஒரு வாரமாவது மிஞ்சும்."

"என்னைச் சாகடிச்சியேடா" என்றாள். தயாராக வைத்திருந்த நாலு கேள்வியில் இது இல்லை.

"அது வெறும் பேப்பரும்மா. அதைப் போய்ப் பெருசு பண்ணிக்கிட்டு. அம்மாவே ஒண்ணும் நினைக்கல. நாளைக்கு எடுத்துடு, என்ன?"

"சரி" என்றாள்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் போன் வந்தது. பக்கத்து மேஜைக்காரர்தான். குரல் கம்மியிருந்தது, ஆனாலும் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தார். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்றார். அண்ணனின் பெயரை முழுதாகச் சொல்லி, "இவர்தான் உங்கள் நிறுவனத்தின் முதலாளி என்பதை உறுதி செய்கிறீர்களா?" என்று கேட்டார்.

"அப்படி ஒருத்தர் இருந்தார்" என்றாள் அவள். "இறந்துட்டார்."

அவர் மெல்ல, "அப்படின்னா... அதுக்கு ரத்த சொந்தம் யாராவது எழுதிக் குடுக்கணுமேக்கா" என்றார்.

"அவங்க அம்மாகிட்ட கேளுங்க" என்றாள். "கேட்டா எழுதிக் குடுப்பாங்க."